லின்ஃபீல்டில் ஒரு தஞ்சாவூர்க் கட்டாரி

“சித்தப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்,” என்றார் வரதராஜன். “அவர் சொல்லலை.”

லின்ஃபீல்டில் அவர் வீட்டு கராஜில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை மாதத்து ஞாயிறு; இந்த நாட்டில் அது நடுக்குளிர்காலம். இரண்டு ஹீட்டர்கள் எரிந்தும் கான்கிரீட் தரையின் குளிர் காலில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அசையவில்லை.

“மராத்திய ராஜ்யத்தையே நடத்தின பேஷ்வா நாராயண ராவுக்குப் பதினெட்டு வயசு. புனே அரண்மனையில பிள்ளையார் விழாவோட கடைசி நாள். பட்டப்பகல். காவலுக்கு இருந்த படையே வாளை உருவிக்கிட்டு உள்ள வருது. ஒவ்வொரு அறையா ஓடுறான். கடைசியில சித்தப்பா ரகுநாத ராவ் அறைக்குள்ள போய் அவர் இடுப்பைக் கட்டிக்கிறான். காப்பாத்துங்கன்னு கத்துறான். படையை ஏவினதே அந்தச் சித்தப்பாதான். இடுப்பைப் பிடிச்ச கையைப் பிரிச்சு இழுத்து, அங்கேயே வெட்டினாங்க. ஒரு வெட்டு இல்லை. அடையாளம் தெரியாத அளவுக்கு.”

சொல்லும்போது அவர் கை மேலும் கீழும் போய்வந்தது. அந்தக் கையைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள்.

வரதராஜன் தஞ்சாவூர்க்காரர். கட்டட இன்ஜினியர். மாதத்தில் ஒரு ஞாயிறு மராத்தியர் வரலாற்றைப் பேச ஆரம்பித்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. பிரதாப்கட் கோட்டையடியில் சிவாஜி அப்சல்கானின் வயிற்றைக் கிழித்ததில் தொடங்கினார். தஞ்சாவூரை ஆண்ட சிவாஜியின் தம்பி ஏகோஜி, அண்ணனுக்குப் பயந்து இருட்டோடு இருட்டாகக் கொள்ளிடத்தைக் கடந்து தப்பியதைச் சொன்னார். சிவாஜியின் மகன் சம்பாஜியின் கண்ணைப் பிடுங்கி அங்கம் அங்கமாக அறுத்ததை, செஞ்சிக் கோட்டையை மொகலாயர்கள் வருடக்கணக்கில் வளைத்துக் கிடந்ததை, அவர்களை விரட்டி விரட்டி அடித்த தளபதி சாந்தாஜியைக் குளித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு மராத்தியனே தலையைச் சீவியதை, பானிபட்டில் ஒரே நாளில் ஒரு தலைமுறையே அழிந்ததை. எல்லாவற்றையும் அந்தக் கையால் சொன்னார்.

அவருக்கு முன்னால் மேசையில் சிவப்புத் துணியின் மேல் ஒரு கட்டாரி இருந்தது. ஏலத்தில் எடுத்தது. தஞ்சாவூர் மராத்திய மன்னர்களின் ஆயுதசாலையிலிருந்து வந்தது என்று விற்றவர்கள் சொன்னார்கள். முழங்கை நீளம் இருக்கும். பிடியைக் குறுக்காகப் பிடித்தால் கத்தி முஷ்டியின் நீட்சிபோல நேராக முன்னால் நிற்கும். முஷ்டியை மறைக்க, படமெடுத்த பாம்பின் தலைபோல் ஒரு இரும்புத் தகடு.

“கடைசி ராஜா வாரிசு இல்லாம செத்ததும் வெள்ளைக்காரன் அரண்மனையை எடுத்துக்கிட்டான். ஆயுதங்களை உடைச்சுப் பழைய இரும்பாப் போட்டான். தப்பினது கொஞ்சம்தான்.” வரதராஜன் கட்டாரியை மாட்டிக்கொண்டு காற்றில் ஒரு குத்துக் குத்தினார். “இதால வெட்ட முடியாது. குத்தலாம். உடம்போட மொத்த எடையும் பின்னால போகும்.”

கூட்டம் கலைந்தபோது வாசலில் கிளெமென்ட் அவரிடம் சொன்னார், “கத்தி இறங்குறதை நல்லாச் சொல்லுறியள் வரதன். இறங்கின பிறகு அந்த மனிசனுக்கு என்ன நடக்குது எண்டதைச் சொல்லுறதில்லை.”

“அது வரலாற்றுல இல்லையே கிளெமென்ட்.”

“ஓம். இருக்காது.”

கிளெமென்ட் மன்னார்க்காரர், எலெக்ட்ரீஷியன். பக்கத்துப் பகுதியான பிளாக்ஹவுஸ் பேயில் வீடு. சொந்த வேன், சொந்தத் தொழில். தொண்ணூறில் படகில் ராமேஸ்வரம் போய், பல ஊர் சுற்றி இங்கே வந்தவர். அந்தக் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மனைவி மாகிரட்டின் தேவாலயத்திலிருந்துதான் இரும்பு மடக்கு நாற்காலிகள் வரும். கூட்டம் முடிந்ததும் அவற்றை வேனில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோவது கிளெமென்டின் வேலை.

அன்றும் அவர் நாற்காலிகளை நாலு நாலாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வரதராஜன் கட்டாரியைச் சிவப்புத் துணியோடு துடைக்க ஹாலுக்கு எடுத்துப் போனார். அவர் மனைவி தமயந்தி சமையலறையில் டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் போய்க்கொண்டே இருந்ததால் முன்கதவு சாத்தாமல் கிடந்தது. வெளியே அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது.

அந்தக் கதவு வழியாக மூன்று பேர் உள்ளே வந்தார்கள்.

தமயந்தி முதலில் கேட்டது கண்ணாடி உடையும் சத்தம். திரும்பும்போது ஒருவன் சமையலறை வாசலில் நின்றான். முகத்தில் கறுப்புத் துணி, கையில் கடப்பாரை. தங்கம் எங்கே என்று ஆங்கிலத்தில் கத்தினான். இந்தியர் வீடுகளில் தங்கத்துக்காக நடக்கும் கொள்ளைகளைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். கேட்டால் கொடுத்துவிடு, எதிர்க்காதே என்று ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் நர்ஸ்களுக்கு அவளே சொல்லியிருந்தாள். வளையல்களைக் கழற்றப் போனாள். ஈரக் கையில் சோப்பு நுரையோடு அவை வழுக்கிக்கொண்டு வந்தன. அவன் பொறுக்கவில்லை. இடது கையைப் பிடித்து முறுக்கினான். சுண்டுவிரல் ஒடியும் சத்தம் வலிக்கு முன்னால் வந்தது. பிறகு தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். கழுத்துத் தோலை அறுத்துக்கொண்டு அது அறுந்தது.

ஹாலில் இன்னொருவன் வரதராஜனைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். முதல் அடி தோளில். இரண்டாவது தாடையில். வரதராஜன் சோபாவின் மேல் விழுந்தார். வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. மூன்றாமவன் படுக்கையறையில் அலமாரிகளை இழுத்துக் கொட்டினான்.

சுத்தியல் வைத்திருந்தவன் மறுபடி கையை ஓங்கினான். வரதராஜனின் வலது கை சோபாவில் கிடந்த சிவப்புத் துணிக்குள் போனது.

தமயந்தி அதைப் பார்த்தாள். கடப்பாரைக்காரன் அவளை முடியைப் பிடித்து ஹாலுக்கு இழுத்து வந்திருந்தான். கணவர் எழுந்த வேகத்தை அவளால் நம்ப முடியவில்லை. ஐம்பத்தாறு வயது மனிதர் முழங்காலைச் சோபாவில் ஊன்றி, மொத்த உடம்பையும் முன்னால் தள்ளினார். கட்டாரி சுத்தியல்காரனின் இடது விலாவுக்குக் கீழே, தகடு சட்டையில் முட்டும்வரை இறங்கியது. அவன் கத்தவில்லை. வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தான். சுத்தியல் தரையில் விழுந்தது. வரதராஜன் கத்தியை உருவியபோதுதான் கத்தினான்.

மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். குத்துப்பட்டவன் முகத்துணியைப் பிய்த்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினான். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. வெளிறிய தாடி, மூக்கில் ஒரு வளையம். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வழி தெரியாமல் ஓடினான். முன்வாசலுக்குப் போகாமல் கராஜுக்குப் போகும் கதவில் மோதி உள்ளே விழுந்தான்.

“ஏங்க, விடுங்க. அவன் போயிட்டான்,” என்றாள் தமயந்தி.

வரதராஜன் கராஜுக்குள் போனார்.

நாற்காலி தூக்க வந்த கிளெமென்டின் காலடியில்தான் அவன் விழுந்திருந்தான். அவர் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, ப்ளீஸ், ப்ளீஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கான்கிரீட்டில் ரத்தம் அவனுக்குப் பின்னால் ஒரு பட்டையாக இழுபட்டிருந்தது. கிளெமென்டுக்கு எதுவும் புரிய நேரமில்லை. ரத்தத்தைப் பார்த்தார், கட்டாரியோடு வரும் நண்பரைப் பார்த்தார்.

“காணும் வரதன், போதும். விடுங்கோ. ஆள் விழுந்திட்டான்.”

வரதராஜன் நிற்கவில்லை. உடைந்த தாடை ஒரு பக்கம் தொங்க, அவர் முகம் அமைதியாக இருந்தது. பின்னால் வந்த தமயந்தி அந்த முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். முப்பது வருடத்தில் பார்க்காத முகம். கை தோளுக்கு மேலே போனது. கிளெமென்ட் குனிந்து கீழே கிடந்தவனை மறைத்துக்கொண்டு, வலது கையை விரித்து நீட்டினார். கட்டாரி அந்த உள்ளங்கையில் நுழைந்து மணிக்கட்டுப் பக்கமாகக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

வரதராஜன் அதை உருவினார். மறுபடி ஓங்கினார்.

தமயந்தி சுவரோரம் மடக்கிச் சாத்தியிருந்த ஒரு நாற்காலியை எடுத்தாள். ஒடிந்த விரலோடு இரண்டு கையாலும் பிடித்து, கணவரின் தலையில் அடித்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு முறை அடித்தாள். முழங்கால் மடங்கி விழுந்தார். கட்டாரி பிடித்த கையின் மேல் ஏறி நின்று, விரல்கள் விரியும்வரை மிதித்தாள். பிறகு அதைக் காலால், திறந்த கராஜ் வாசலில் நின்ற வேனுக்கு அடியில் உதைத்துத் தள்ளினாள்.

அதன் பிறகு அவள் நர்ஸ். துப்பட்டாவைச் சுருட்டிக் கொள்ளைக்காரனின் விலாவுக்குள் திணித்து, முழங்காலால் அழுத்திக்கொண்டாள். கிளெமென்டின் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அவருடைய பெல்ட்டாலேயே மேற்கையைக் கட்டினாள். கணவர் பக்கம் ஒருமுறை பார்த்தாள். மூச்சு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“பேர் என்ன உனக்கு? தூங்காதே, பேசு,” என்று காலுக்குக் கீழே இருந்தவனிடம் கேட்டாள்.

“கானர்,” என்றான். பாபகூராவில் அம்மா இருக்கிறாள் என்றான். பிறகு அவள் துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் விரல் ஒன்று அவள் கையில் மிஞ்சியிருந்த வளையலுக்குள் மாட்டியிருந்தது.

கானர் பிழைத்தான். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். வரதராஜனின் தாடையில் தகடு வைத்துக் கம்பி கட்டினார்கள். கிளெமென்டின் கையை இரண்டு தடவை அறுத்துத் தைத்தார்கள். நரம்புகளைத் தேடிப் பிடித்து இணைத்தும், மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கவில்லை. மற்ற விரல்களில் உணர்ச்சி அரைகுறை. திருப்புளியைப் பிடித்தால் அது எப்போது நழுவியது என்பதே அவருக்குத் தெரியாது.

ஊர் முழுக்க வரதராஜனைப் பற்றித்தான் பேச்சு. கூட்டத்துக்கான வாட்ஸ்அப் குழுவை நடத்திய மனோஜ், ‘தஞ்சாவூர்ச் சிங்கம்’ என்று அவர் படத்தைப் போட்டான். நகரின் மறுகோடியிலுள்ள பாட்டனி டவுன்ஸிலிருந்து, பேர் தெரியாதவர்களெல்லாம் பழக்கூடை அனுப்பினார்கள். நாமும் திருப்பி அடிப்போம் என்பது இப்போது தெரிந்திருக்கும் என்று ஒருவர் எழுதினார். நூறு பேர் கைதட்டினார்கள்.

போலீஸ் அப்படிப் பார்க்கவில்லை. ஹாலில் நடந்த குத்து தற்காப்பு, அதற்கு வழக்கில்லை என்றார்கள். கராஜில் நடந்தது வேறு. விழுந்து கிடந்தவனை நோக்கி வந்த குத்து அது, குறுக்கே வந்தவரின் கையைக் கிழித்தது.

மனோஜ் கிளெமென்டைப் பார்க்கப் போனான். குனிந்தபோது தவறிக் கத்தியில் விழுந்துவிட்டதாகச் சொன்னால் வழக்கே நிற்காது, நம்மவர் ஒருவர் ஜெயிலுக்குப் போக விடலாமா என்று கேட்டான். கிளெமென்ட் அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

இது தெரிந்ததும் தமயந்தி பிளாக்ஹவுஸ் பேக்குப் போனாள். கதவைத் திறந்தது மாகிரட். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“உங்கட மனிசன் கதை சொல்லுறார் எண்டுதான் நாங்கள் கதிரை குடுத்தனாங்கள்,” என்றாள் மாகிரட். “இவர் இனி என்னத்தைப் பிடிச்சு வேலை செய்யிறது? வேனை விக்கப் போறம். உங்கட ஆக்கள் அவருக்குப் பழக்கூடை அனுப்பினம். இங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை.”

தமயந்தி வாசற்படியிலேயே நின்றாள். உள்ளேயிருந்து கிளெமென்ட், “வரவிடும்,” என்றார்.

அவர் கை தலையணையின் மேல் கட்டோடு கிடந்தது. தமயந்தி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “மனோஜ் வந்தது எனக்குத் தெரியாதுண்ணா. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. நான் போலீஸ்ல அப்படியே சொல்லிட்டேன். நாற்காலியால அடிச்சது, ஏன் அடிச்சேன், எல்லாம்.”

“வரதனுக்குத் தெரியுமோ?”

“தெரியும். ஒரு வாரமா என்னோட பேசலை. தாடையில கம்பி இருக்கறதால யாருக்கும் வித்தியாசம் தெரியலை.”

கிளெமென்ட் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “நானும் நடந்ததைத்தான் சொன்னனான் தங்கச்சி. ஆனா வரதன் என்ர கையைக் கண்டவரோ எண்டு கேட்டவங்கள். தெரியாது எண்டனான்.”

“நிஜமாவே தெரியாதா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மாகிரட் உள்ளே வந்து மாத்திரையை அவர் வாயில் போட்டாள்.

தமயந்தி வாக்குமூலம் கொடுத்தது வெளியே தெரிந்ததும் பழக்கூடைகள் நின்றன. கட்டிய புருஷன் மண்டையைப் பிளந்து, திருடனுக்குக் கட்டுப்போட்டவள் என்று கோயிலில் ஒரு பெண் அவள் காதுபடச் சொன்னாள். வெல்லிங்டனில் படிக்கும் மகள் வைஷாலி போன் செய்து, அப்பாவை விட்டு வந்துவிடு என்று ஆங்கிலத்தில் அழுதாள். தமயந்தி போகவில்லை. பக்கத்து அறையில் படுத்துக்கொண்டாள். அவருக்குக் கஞ்சியை வடிகட்டி, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள். அவர் அதைச் சுவரைப் பார்த்தபடி உறிஞ்சினார்.

வழக்கு முடிய அடுத்த கோடை ஆகிவிட்டது. வரதராஜன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வலியிலும் வெறியிலும் தன் கட்சிக்காரர் எதிரே இருந்தவரைப் பார்க்கவே இல்லை என்று வக்கீல் சொன்னார். நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பவில்லை. காலில் கண்காணிப்புக் கருவி மாட்டி, வீட்டுக்காவல் விதித்தார். கட்டாரியைப் பறிமுதல் செய்தார்கள். கானருக்கும் மற்ற இருவருக்கும் சிறை. தீர்ப்பு நாளில் கானரின் அம்மா நீதிமன்ற வாசலில் தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலை போன வரதராஜன் வீட்டுக்குள்ளேயே நடந்தார். கராஜுக்குள் மட்டும் போகவில்லை. தமயந்தியிடம் பேசத் தொடங்கியிருந்தார். உப்பு போதும், மழை வரும்போல இருக்கு, அவ்வளவுதான். மனோஜ் இணைய வழியாகக் கூட்டத்தைத் தொடரலாம் என்றான். இருநூறு பேர் சேரக் காத்திருக்கிறார்கள் என்றான். வரதராஜன் போனை வைத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிளெமென்ட் பஸ்ஸில் வந்தார். வேனை விற்றாகிவிட்டது. தெரிந்தவர் கம்பெனியில் விலைப்புள்ளி போடும் வேலை, பாதிச் சம்பளம் என்று தமயந்தியிடம் வாசலிலேயே சொன்னார். உள்ளே வந்து வரதராஜனுக்கு எதிரே உட்கார்ந்தார். வலது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வரதராஜன்தான் ஆரம்பித்தார். தாடை சரியாகச் சேராததால் வார்த்தைகள் ஒரு பக்கமாக வந்தன. “ரகுநாத ராவ் பேஷ்வா ஆனான், தெரியுமா. கொஞ்ச மாசம்தான். நீதான் குற்றவாளின்னு நீதிபதி மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டு ஊரைவிட்டே போயிட்டார். மந்திரிகளெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து அவனை வெளிய தள்ளினாங்க. இங்கிலீஷ்காரன்கிட்ட ஓடினான். ஊர்களை எழுதிக் கொடுத்துப் படை கேட்டான். அன்னைக்கு உள்ள வந்தவன்தான் வெள்ளைக்காரன். அதுக்கப்புறம் மராத்தியர் ராஜ்யம்…”

“கதையை விடுங்கோ வரதன்,” என்றார் கிளெமென்ட். “செத்துப்போன ஆக்களைப் பற்றி எவ்வளவு கதைச்சிட்டியள். உங்களைப் பற்றிக் கதையுங்கோ.”

சமையலறையில் தமயந்தி அடுப்பைச் சின்னதாக்கினாள்.

“முதல் குத்து பயத்துல,” என்றார் வரதராஜன் கடைசியில். “செத்துருவேன்னு நினைச்சேன். ரெண்டாவது அப்படி இல்லை. பயமே இல்லை. கை லேசா இருந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு கிளெமென்ட்.” அவர் உதட்டோரம் எச்சில் வழிந்தது. துடைக்கவில்லை. “நீங்க கையை நீட்டினதைப் பார்த்தேன். உங்க கைன்னு தெரியும். வக்கீல் சொன்னது பொய். பார்த்துட்டுத்தான் குத்தினேன்.”

தமயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஓம்,” என்றார் கிளெமென்ட். “எனக்குத் தெரியும். நான் உங்கட கண்ணைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“பின்ன ஏன் போலீஸ்ல தெரியாதுன்னு சொன்னீங்க?”

“சொன்னா உங்களைப் பூட்டியிருப்பாங்கள். நீங்களும் பூட்டின இடத்தில இருந்து, நான் கண்டதே இல்லை எண்டு உங்களுக்கே சொல்லிச் சொல்லி நம்பியிருப்பியள். எனக்கு இதை உங்கட வாயால கேக்கவேணும் எண்டிருந்தது. வேற ஒண்டும் இல்லை.”

வரதராஜன் அழத் தொடங்கினார். தாடை இழுத்துக்கொண்டு முகம் கோணியது. கிளெமென்ட் அவரைத் தொடவில்லை. அழட்டும் என்று இருந்தார்.

தமயந்தி மூன்று தட்டு வைத்தாள். கிளெமென்டுக்கு மட்டும் ஸ்பூன் வைத்தாள். அவர் இடது கையால் சோற்றையும் குழம்பையும் மெதுவாகக் கலந்து, சிந்தாமல், தட்டைக் காலி செய்தார். வரதராஜன் தட்டைத் தொடவில்லை. தமயந்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாப்பிடுங்க என்று மட்டும் சொன்னாள்.

கிளெமென்ட் கிளம்பும்போது வரதராஜன் வாசல்வரை போனார். அதற்கு மேல் போக அனுமதி இல்லை.

“மறுபடி வருவீங்களா?”

“தெரியாது வரதன். உங்களில எனக்குக் கோபம் இல்லை. ஆனா நீங்கள் தண்ணி குடிக்கக் கையைத் தூக்கேக்கையும் எனக்கு நெஞ்சு பதறினது. அது போகுமோ எண்டு பாப்பம்.”

மழை தூறிக்கொண்டிருந்தது. தமயந்தி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். கிளெமென்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. சீட் பெல்ட்டைப் பூட்ட அவர் விரல்கள் தடுமாறின. தமயந்தி குனிந்து பூட்டிவிட்டு, காரைப் பின்னால் எடுத்தாள்.